ஐம்பத்தேழு கிலோவும் ஒரு துண்டுக் கருவாடும்

புதன், காலை 8.10. சிட்னி விமான நிலையத்தில் என்னை முதலில் வரவேற்றது ஒரு நாய். பச்சைச் சட்டை மாட்டிய குட்டை நாய். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக வந்து என் பையின் முன்னால் உட்கார்ந்தது. அதன் மூக்கைக் குறை சொல்ல முடியாது. உள்ளே காசிமேட்டில் வாங்கிய ஒன்றரைக் கிலோ வஞ்சிரக் கருவாடு, ஏழு பிளாஸ்டிக் உறைகளுக்குள் இருந்தது. நான் ஒளிக்கவில்லை, விமானத்தில் கொடுத்த அட்டையில் 'உணவுப் பொருள் உண்டு' என்ற கட்டத்தில் பெரிதாகவே டிக் போட்டிருந்தேன். சோதனை மேசையில் நின்ற பெண் அதிகாரி ஆறு உறைகளைப் பொறுமையாகப் பிரித்தார். ஏழாவதைப் பிரித்ததும் பிரித்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மூடி, போய் வாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

கருவாடு பாலா அண்ணைக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஆறு வருடம் இருந்தவர். பிறகு ஆஸ்திரேலியா போய்விட்டார். இங்கேயும் பாக்கெட்டில் கருவாடு கிடைக்கிறதாம், ஆனால் அட்டையைக் கடிப்பது போல இருக்கிறதாம். வெளியே காரோடு நின்றவர் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு, பயணம் எப்படி என்று கேட்பதற்கு முன்பே "விட்டவங்களோ?" என்றார். விட்டார்கள் என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது.

நான் வந்தது கருவாட்டுக்காக அல்ல. ஹம்தியின் கடைசிச் சண்டையைப் பார்க்க வந்தேன்.

ஹம்தி எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர். துறைமுகத்தில் வேலை. ஐம்பத்தேழு கிலோ எடைப்பிரிவில் அமெச்சூர் குத்துச்சண்டை வீரர். 1988இல் பம்பாயில் நடந்த ஓர் அழைப்புப் போட்டியில் ரயில்வே ஊழியனான நான் அவரோடு மோதினேன். மோதினேன் என்பது என் கௌரவத்துக்காகச் சொல்வது. இரண்டாம் ரவுண்டில் அவருடைய இடது கை என் வலது விலாவுக்குக் கீழே வந்து தொட்டது. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நொடி கழித்துக் கால்கள் என்னைக் கேட்காமலே மடங்கின. ஈரலில் விழும் அடி அப்படித்தான். வலி கொஞ்சம் பிந்தி வரும், வந்தால் மூச்சையும் எடுத்துக்கொண்டு போகும். நான் உடைமாற்றும் அறையில் சுருண்டு கிடந்தபோது அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்து, அதை உரித்து, சுளை சுளையாக எனக்குக் கொடுத்தான். அன்று பிடித்த சிநேகம்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடங்கள் அஞ்சலட்டைகள் வந்தன. எந்த நாட்டுக்குப் போட்டிக்குப் போனாலும் அங்கிருந்து எனக்கு ஓர் அட்டை. இரண்டே செய்திதான் இருக்கும்: முடிவு, சாப்பாடு. 'தாஷ்கண்ட். தோற்றேன். ரொட்டி அருமை.' 'பாங்காக். வெண்கலம். காரம்.' 'பெர்லின். வெள்ளி. தினமும் உருளைக்கிழங்கு.' எடைக்காகப் பட்டினி கிடப்பவனுக்கு ஊர் என்றால் சாப்பாடுதான், வேறென்ன? பதினைந்து வருடத்தில் ஓர் அட்டையில்கூடத் தங்கம் என்ற சொல் வரவில்லை. இந்த ஜூனில் கெய்ரோவிலிருந்து வந்த அட்டை மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'ஆகஸ்ட். சிட்னி. வயது 34, இதுதான் கடைசி. வா.' அந்த 'வா'வைக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன்.

புதன், மாலை 4.30. பாலா அண்ணையின் வீடு பென்டில் ஹில்லில், நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் மேற்கே. அங்கிருந்து ரயிலில் மூன்றாவது நிலையம் பரமட்டா. பத்து நிமிடம், டிக்கெட் இரண்டு டாலர் அறுபது சென்ட். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். வெயில் நன்றாகத்தான் அடித்தது; சூடு மட்டும் அதில் இல்லை. பரமட்டாவில் ஒரு சங்கத்தின் மண்டபத்தில் எட்டு நாடுகள் கலந்துகொள்ளும் போட்டி. நடுவில் வளையம், சுற்றி நானூறு நாற்காலி. டிக்கெட் பதினைந்து டாலர்.

ஹம்தி மண்டப வாசலில் நின்றிருந்தார். மீசையில் நரை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் வலது விலாவில் இரண்டு விரலை வைத்து, "இன்னும் வலிக்கிறதா, மெட்ராஸ்?" என்றார். பிறகு விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி என் தொப்பையில் தட்டி, இங்கே இனி எந்த அடியும் உள்ளே போகாது என்றார். உடன் நின்ற கிழவர் இருமிக்கொண்டே சிரித்தார். அவர்தான் பயிற்சியாளர். எகிப்தியர்கள் பயிற்சியாளரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஐந்து நாளும் எனக்கும் அவர் கேப்டனாகவே இருந்தார்.

வியாழனும் வெள்ளியும் மாலை ஆறு மணி. கால் இறுதியையும் அரை இறுதியையும் ஹம்தி ஜெயித்தார். எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் முழு மகிழ்ச்சி இல்லை. பம்பாயில் நான் பார்த்த ஹம்தி எதிராளியின் நெஞ்சுக்குள் தலையை நுழைத்து, உடம்பில் தச்சு வேலை செய்வது போல நின்று நிதானமாக அடிப்பவர். இங்கே தூர நின்று முகத்தில் தட்டிவிட்டு ஓடினார். தட்டுவது, ஓடுவது. அரை இறுதியில் பதினொன்றுக்கு ஒன்பது புள்ளி.

காரணம் எந்திரம். எங்கள் காலத்தில் நடுவர்கள் காகிதத்தில் புள்ளி போட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொத்தான் வந்தது. ஐந்து நடுவரில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. முகத்தில் விழும் அடி நாலு பக்கமும் தெரியும். விலாவில் விழும் அடி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கோ இருவருக்கோதான் தெரியும். பாங்காக்கிலும் பெர்லினிலும் எதிராளி வலியில் நெளிந்துகொண்டே ஜெயித்தான் என்று கேப்டன் சொன்னார். ஹம்தியிடம் கேட்டேன். தோளைக் குலுக்கி, "வயிற்றில் அடித்தால் மனிதன் அழுவான். எந்திரம் அழாது," என்றார்.

வேறொருவராக இருந்தால் தொழில்முறைச் சண்டைக்கு ஓடியிருப்பார், இல்லை கையுறையை ஆணியில் மாட்டியிருப்பார். இவர் காலையில் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு, மாலையில் பயிற்சி என்று அந்த எந்திரத்தின் முன்னாலேயே பத்து வருடத்துக்கு மேல் நின்றார். தனக்கு வராத விளையாட்டைக் கற்றுக்கொண்டு, அதில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தார். நான் ஒரே ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போனவன். அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சனி ஓய்வு நாள். ஞாயிறு இறுதிச் சண்டை. எதிராளி உள்ளூர் இளைஞன், இருபத்தொரு வயது, மான்குட்டிக் கால்கள்.

சனி, பகல் 12. ஹம்தி ஒரு வீட்டில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு வாரமாக ஹோட்டல் அறையும் அவித்த முட்டையும் இலைதழையும். சாப்பிட வரவில்லை, உட்கார மட்டும் வருகிறேன் என்றார். கேப்டன் என்னைத் தனியே அழைத்து, சர்க்கரையில்லாத தேநீர் ஒரு கோப்பை, நாலு மணிக்குத் திரும்ப வேண்டும், உப்பு ஆகவே ஆகாது என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினார். உப்பு தண்ணீரைக் கேட்கும், தண்ணீர் உடம்பில் தங்கும், ஞாயிறு காலைத் தராசு பொய் சொல்லாது. எனக்கா தெரியாது? வாக்குக் கொடுத்தேன்.

பாலா அண்ணையின் மனைவி ரதி அக்காவுக்கு முதல் நாளே எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவரும் உப்பே போடாமல் கோழியை அவித்து, வெள்ளரிக்காய் நறுக்கி வைத்திருந்தார். விருந்தாளிக்கு இப்படி ஒரு சாப்பாட்டை வைத்ததில் அவருக்கு அவமானம். மேசைப் பக்கமே பார்க்கவில்லை. ஹம்தி வெள்ளரிக்காய் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பற்றிக் கேட்டார். அக்கா விளக்கினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று ஹம்தி பேச்சை நிறுத்தினார். மூக்கு மெல்ல உயர்ந்தது. விமான நிலையத்து நாயின் ஞாபகம் எனக்கு வந்தது.

மணம் வீட்டின் பின்னால் கார் நிறுத்தும் கராஜிலிருந்து வந்தது. இந்த ஊர்த் தமிழர்கள் மீன் பொரிப்பது, கருவாடு வறுப்பது எல்லாம் கராஜில் தனி அடுப்பில்தான். வீட்டுக்குள் செய்தால் கோட்டிலும் கம்பளத்திலும் மணம் ஏறி, திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கூடவே வந்துவிடும். வேலைநாள் எல்லாம் பொறுத்திருந்த பாலா அண்ணை, நாங்கள் முன்னறையில் இருக்கும் தைரியத்தில் சட்டியை வைத்துவிட்டார். இன்றைக்கு வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். நாக்கு ருசிக்கு முன்னால் மனைவி சொல் எம்மாத்திரம்?

ஹம்தி எழுந்து, மணத்தைப் பிடித்துக்கொண்டே சமையலறையைக் கடந்து, பின் கதவைத் திறந்து கராஜுக்குள் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். சட்டிக்கு முன்னால் நின்று, தன் மொழியில் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அவர்கள் ஊரிலும் உப்பில் ஊறவைத்த மீன் உண்டாம். வசந்தகால விழாவன்று குடும்பத்தோடு கடற்கரையில் உட்கார்ந்து வெங்காயத்தோடு தின்பார்களாம். பயிற்சி முகாம்களால் அந்த விழாவுக்கு ஊரில் இருந்தே ஒன்பது வருடமாகிறதாம். சொல்லிவிட்டு ரதி அக்காவைப் பார்த்து, "ஒரு துண்டு. சின்னது," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"வேணாம்க்கா. கேப்டனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றேன்.

"கேட்ட வாய்க்கு இல்லை எண்டு சொல்ல எனக்குத் தெரியாது, தம்பி. என்னால ஏலாது," என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது.

நான் தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவரின் கையை எப்படிப் பிடிப்பது? ஒரு துண்டு போனது. சிறியதுதான். கூடவே ரொட்டி, பச்சை வெங்காயம். பிறகு இன்னொரு துண்டு. அதைச் சிறியது என்று சொல்ல முடியாது. ஹம்தி கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பிறகுதான் நான் பயந்தது நடந்தது: தண்ணீர் கேட்டார். ஒரு கிளாஸ், இன்னொரு கிளாஸ். ரொட்டியும் உப்பும் சேர்ந்து தின்றவர்கள் ஒருவரையொருவர் மறக்கக் கூடாது என்பது தங்கள் ஊர்ப் பேச்சு என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் பாலா அண்ணை கரண்டியோடு நிமிர்ந்து, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை. எங்கட ஆக்களும் அதைத்தானே சொல்லுறவை," என்றார். எனக்கு அந்த நேரத்தில் உப்பைப் பற்றிய எந்தப் பழமொழியும் பிடிக்கவில்லை.

ஞாயிறு, காலை 6.40. கேப்டன் தொலைபேசியில் ஒரே சொல் சொன்னார்: வா. பரமட்டா ஹோட்டலுக்கு ஓடினேன். சோதனைத் தராசில் ஹம்தி ஐம்பத்தேழு கிலோ அறுநூறு கிராம். ஒன்பது மணிக்குள் அறுநூறு கிராமையும் இறக்காவிட்டால் கையுறை மாட்டாமலே தோல்வி. பதினைந்து வருடத்தின் முடிவு ஒரு தராசு முள்ளில்.

கேப்டன் என்னைத் திட்டவில்லை. என்ன கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ஹம்தி, "அவர்கள் கொடுக்கவில்லை. நான் கேட்டேன்," என்றார்.

குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவிக்கு நடுவே, பிளாஸ்டிக் தாளுக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹம்தி கயிறு குதித்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு சாம்பல் நிறமானது. முப்பத்துநாலு வயது உடம்பு. இடையில் கேப்டன் கத்தரிக்கோலை எடுத்து அவர் தலைமுடியை ஒட்ட வெட்டினார். மீசையும் போனது. எங்கள் ஊரில் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள்; இங்கே தலைமுடியோடாவது போகட்டும் என்று பெரம்பூர் முருகனை வேண்டிக்கொண்டேன். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பு, உடம்பில் நூல்கூட இல்லாமல் அதிகாரிகளின் தராசில் ஏறினார். நானும் கேப்டனும் சுற்றித் துண்டைப் பிடித்தோம். ஐம்பத்தேழு. சரியாக.

இறங்கும்போது அவர் முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். கேப்டனும் பார்த்தார்.

ஞாயிறு, மாலை 6. நானூறு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் உள்ளூர் இளைஞனுக்காக. எகிப்துக்காரருக்காகக் கத்த கேப்டனைத் தவிர மூன்று தமிழர்கள். எடை விஷயத்தை அக்காவிடம் நான் சொல்லவில்லை. நிறை சரியாக வந்ததோ என்று கேட்டதற்கு, வந்தது என்று மட்டும் சொன்னேன். ஹம்தியின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் அக்கா கைகளைக் கோத்துக்கொண்டார்.

மணி அடிக்கும் முன் கேப்டன் ஹம்தியின் காதில் நிறையப் பேசினார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார்: நாலு ரவுண்டு ஓட இவனுக்குக் கால் இல்லை, இரண்டுக்குத்தான் இருக்கிறது, அதனால் எந்திரத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டேன்.

முதல் ரவுண்டில் இளைஞன் சுற்றிச் சுற்றித் தட்டினான். ஹம்திக்கு ஒன்று, அவனுக்கு ஐந்து. மண்டபம் ஆர்ப்பரித்தது. ஹம்தி ஓடவில்லை. தட்டுகளை நெற்றியில் வாங்கிக்கொண்டு ஓரடி ஓரடியாக முன்னே போனார். இரண்டாம் ரவுண்டு பாதியில் இரண்டுக்கு ஒன்பது. ஆனால் அவர் இப்போது கயிற்றோரத்தில், இளைஞனின் நெஞ்சுக்குள் தலையை வைத்திருந்தார். பம்பாய்க்குப் பிறகு நான் பார்க்காத ஹம்தி. வலது கை ஒன்று, வலது கை இன்னொன்று, இரண்டும் தோளில். எந்த நடுவரும் எதையும் அழுத்தவில்லை. பிறகு இடது கை, கீழிருந்து, விலாவுக்கு அடியில்.

யாருக்கும் தெரியவில்லை. எந்திரத்துக்கும் தெரியவில்லை, எண் மாறவே இல்லை. என் வலது கை மட்டும் என் விலாவைப் பொத்திக்கொண்டது. ஒரு நொடி போனது. இளைஞன் ஒரு தட்டு தட்டினான். பிறகு அவன் கால்கள் அவனைக் கேட்காமலே மடங்கின.

நடுவர் பத்து வரை எண்ணினார். ஹம்தி கையைத் தூக்கவில்லை. மண்டியிட்டு, அந்தப் பையனின் முழங்காலை மடக்கிப் பிடித்து, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பையனுக்கு மூச்சு வந்ததும், முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பாலா அண்ணை நாற்காலியில் ஏறி நின்றே கத்தினார். நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பதக்கம் கொடுத்து முடிந்ததும், எதிராளியின் அறைக்கு ஹம்தி பதக்கத்தைக் கழற்றிவிட்டுப் போனார். கையில் ஆரஞ்சுப் பழம் இருந்தது. நான் வெளியிலேயே நின்றேன். அந்த அறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது காரில் அக்காவிடம் எடை விஷயத்தைச் சொன்னேன். அவர், "அப்ப நான் அந்தப் பிள்ளையின்ர பதினைஞ்சு வருசத்தையும் ஒரு துண்டுக் கருவாட்டால முடிச்சிருப்பன்," என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். பாலா அண்ணை, அப்படி முடிந்துவிடவில்லைத்தானே என்று சொல்லிப் பார்த்தார். அது உதவவில்லை. காலையில் அவருக்குக் கண் வீங்கியிருந்தது.

திங்கள், பகல் 1. விமான நிலையத்தில் ஹம்தியை வழியனுப்ப நானும் பாலா அண்ணையும் மட்டும்தான் போனோம். முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது என்று அக்கா வரவில்லை. அதை நான் ஹம்தியிடம் சொன்னேன். அவர் கடைக்குப் போய்ப் பாலம் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கி, நின்றபடியே எழுதினார். நான் கை நீட்டினேன். "உனக்கில்லை, மெட்ராஸ்," என்று பாலா அண்ணையின் சட்டைப்பையில் செருகினார். பிறகு என் விலாவில் இரண்டு விரலை வைத்து அழுத்திவிட்டு, மீசையில்லாத புது முகத்தோடு உள்ளே போய்விட்டார். இனி எந்த நாட்டிலிருந்தும் எனக்கு அட்டை வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

அட்டையை அக்கா மேசையில் வைத்து வாசித்தார். 'சிட்னி. தங்கம். மீன் அருமை, உப்புதான் கொஞ்சம் கூட.'

இரண்டு முறை வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"உப்புக் கூட எண்டோ? கருவாட்டில உப்பில்லாமல் பின்ன சீனியே இருக்கும்?" என்றார்.

புதன்கிழமை நான் கிளம்பினேன். பெரம்பூரில் என் மேசை இழுப்பறையில் ஹம்தியின் அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன: தாஷ்கண்ட், பாங்காக், பெர்லின், எல்லாத் தோல்விகளும். தங்கம் வந்தது இந்த ஒன்றில்தான். அதையும் அவற்றோடு சேர்த்து வைக்கலாமே என்று கிளம்பும்போது மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அக்கா அதை ஏற்கெனவே ஃபிரிட்ஜ் கதவில், பிள்ளையார் காந்தத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்.

"அது தர ஏலாது, தம்பி. எனக்கு எழுதினதெல்லோ," என்று சொல்லிவிட்டு, என் பையில் வடகப் பொட்டலத்தைத் திணித்தார்.